‘கல்’ என்றால் நேற்றா, நாளையா?

கேள்வி கேட்டவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, மின்ட் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கும் தம்பி. “எங்கள் சேட் எதற்கெடுத்தாலும் ‘கல்’ என்கிறார். ஒரு சமயம் அது நேற்று, ஒரு சமயம் நாளை. நமக்குக் கல் என்றால் கருங்கல்தான். ஒரே குட்டிச் சொல் மொழிக்கு மொழி இப்படி வேறு பொருள் தருவது ஏன்? கூட வேலை செய்யும் ஒருவர் எல்லாம் தமிழிலிருந்து போனது என்கிறார். இன்னொருவர் எல்லாம் சமஸ்கிருதம் என்கிறார். யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் உங்கள் வேலைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியில் ‘கல்’ என்றால் இன்றைக்கு ஒட்டிய நாள், அவ்வளவுதான். முன்னால் ஒட்டியதா, பின்னால் ஒட்டியதா என்பதை வினைச்சொல்தான் சொல்லும். ‘மால் கல் ஆயா’ என்றால் சரக்கு நேற்று வந்துவிட்டது. ‘மால் கல் ஆயேகா’ என்றால் நாளைக்கு வரும். சேட் வாக்கியத்தை முடிக்கும்வரை பேனாவை நோட்டில் வைக்காதீர்கள். ‘பர்சோ’வும் இதே ரகம்தான்: முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. குஜராத்திக்காரர் என்றால் கொஞ்சம் நிம்மதி. அவர்கள் ‘கயீ காலே’, ‘ஆவ்தீ காலே’ என்று ‘போன’, ‘வருகிற’ என்ற அடைமொழியைச் சேர்த்துச் சொல்வார்கள்.

நேற்றுக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியாத மொழியா என்று சிரிக்க வேண்டாம். நாமும் ‘அன்னைக்கு’ என்று ஒரே சொல்லை இரண்டு பக்கமும் ஓட்டுகிறோம். ‘அன்னைக்கு வந்தாரே’ என்றால் போன நாள். ‘கல்யாணத்தன்னைக்கு வரேன்’ என்றால் வரும் நாள். ‘முன்னாடி’ இன்னும் மோசம். ‘முன்னாடி இங்கே ஒரு தியேட்டர் இருந்தது’ என்றால் காலத்தில் பின்னால் போகிறோம்; ‘முன்னாடி போங்க’ என்று கண்டக்டர் சொன்னால் எதிர்ப்பக்கம் நகர்கிறோம். பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது வேர் விஷயம். இந்தி ‘கல்’ சமஸ்கிருதத்தில் விடியற்காலையைக் குறிக்கும் ‘கல்ய’ என்ற சொல்லிலிருந்து பிராகிருதம் வழியாகத் தேய்ந்து வந்தது. விடியல் என்பது அடுத்த நாள் ஆகி, பிறகு பக்கத்து நாள் ஆகிவிட்டது. நம் கல்லோ திராவிடச் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் அது ‘கல்லு’. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சும்மா காதுக்கு ஒன்றாக விழுகிறது.

ஏன் அப்படி விழுகிறது? சொல் குட்டியாக இருப்பதால்தான். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் 216. ஓர் எழுத்திலேயே சொல் செய்யலாம் என்று உட்கார்ந்தால், உயிரையும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் ஒலிகள்தான் கையில் இருக்கும். அத்தனையும் சொல் ஆவதில்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஓரெழுத்து ஒருமொழிகள் என்று எண்ணிச் சொன்னது 42. மா, பூ, தீ, கோ, வா, போ எல்லாம் அதில் அடக்கம். ‘மா’ ஒன்றை மட்டும் பாருங்கள்: மாமரம், பெரிய, விலங்கு, குதிரை, ஒரு நில அளவு. ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு நெரிசல். மனிதர்கள் சொல்ல வேண்டியவை ஆயிரக்கணக்கில் இருக்க, குட்டி ஒலிகள் சில நூறுதான் என்றால், ஏழுகிணறு பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி ஆகிவிடும். கதவு எண் ஒன்று, உள்ளே ஆறு குடும்பம். ஒரே வாசல் வழியாக வருகிறார்கள் என்பதற்காக அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மொழியியல்காரர்கள் சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மொழிகளில் ம்பபரம் என்று ஒன்று. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் அதைப் பதிவு செய்தார். ஆங்கிலேயரிடம் வாங்கியதாக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்து மொழிகளில் உள்ள ‘குடக’ போன்ற வடிவம் அந்த மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களில் தலையும் வாலும் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, சம்பந்தம் மட்டும் பூஜ்யம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நீங்கள் வேலை செய்யும் தெருவின் பெயரையே எடுங்கள். மின்ட் என்றால் தங்கசாலை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நாணயம் அடித்த இடம். ஆங்கிலத்தில் புதினாவும் மின்ட்தான். முன்னது ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தேவதையின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்ததால், ‘மொனேட்டா’விலிருந்து வந்தது. பின்னது ‘மென்தா’ என்ற செடிப் பெயரிலிருந்து வந்தது. ஒரே மொழிக்குள் வந்து சேர்ந்தும் இரண்டும் அன்னியர்கள்தான்.

இதில் நம் எழுத்தும் கொஞ்சம் விளையாடுகிறது. க, ப, த என்று எழுதிவிட்டு இடம் பார்த்து வாசிக்கிறோம். வடக்கத்தி மொழிகளில் ககரத்துக்கு மட்டும் நாலு எழுத்து (k, kh, g, gh). அந்த நாலையும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். இதற்குக் ‘கானா’வை விடச் சிறந்த உதாரணம் வட சென்னையில் கிடைக்காது. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ சாவு வீட்டில் ராத்திரி முழுக்க டேப் அடித்துப் பாடுகிறார்களே, அந்தக் கானா. பெயர் இந்தியில் பாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. நம் ‘கானம்’, ‘கீதம்’ இரண்டும் அதே குடும்பம்தான். அப்படிப் பார்த்தால் ‘கானா பாட்டு’ என்பது ‘நடுசென்டர்’ மாதிரி. இருக்கட்டும், சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் மதியம் உங்கள் சேட் ‘கானா காயா?’ என்று கேட்டால் பாடச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்கிறார். அங்கே ககரம் மூச்சோடு வரும். மூச்சு இல்லாமல் முதல் ககரமாகவே சொன்னால் இந்தியில் ஒற்றைக் கண்ணன் என்று பொருள். யுனானி ‘தவாகானா’ பலகையில் இருப்பது பாரசீகக் கானா; வீடு, அறை என்று அர்த்தம். ஆப்பிரிக்காவில் ஒரு நாடும் இருக்கிறது. தமிழில் எழுதினால் எல்லாம் கானா.

‘பூ’வும் அப்படித்தான். பூக்கடைப் பக்கமிருந்து மல்லிகையோடு நடந்து வந்து, மண்ணடியில் உருது பேசும் ஒருவரிடம் ‘பூ’ என்றால் அவர் மூக்கைப் பொத்தலாம். அவருடைய சொல்லில் இருப்பது ஒலிப்புப் பகரம் (ஆங்கில b), பொருள் வாடை. பாரசீகத்தில் அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முன்னால் ‘குஷ்’ சேர்த்தால் நறுமணம் (குஷ்பு என்ற பெயர் அதுதான்), ‘பத்’ சேர்த்தால் நாற்றம். தனியாக விட்டால் உருதுவில் நாற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. நம் ‘நாற்றம்’ என்ற சொல்லுக்கும் அதே கதிதானே? ஒரு காலத்தில் அது நறுமணத்துக்கும் பொதுவாக இருந்த சொல்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். ‘கம்’.

மண்ணடியில் பேப்பர் கடை வைத்திருப்பவரிடம் போய் ‘கம்’ என்றால் ஒட்டும் பசையை எடுத்து வைப்பார். அது எகிப்திலிருந்து கிரேக்கம், லத்தீன் என்று ஊர் ஊராய்ச் சுற்றி ஆங்கிலத்துக்கு வந்து, நம்மிடம் ‘கம்மு பாட்டில்’ ஆன சொல். அதே கடையில் விலை பேசும் வடக்கத்திக்காரர் ‘கம் கரோ’ என்றால் குறைத்துக் கொடு என்கிறார். இது பாரசீகச் சொல். இதன் பெயர்ச்சொல் வடிவம்தான் ‘கமீ’. அதைத்தான் நாம் ‘கம்மி’ என்று எடுத்துக்கொண்டோம். விலை கம்மி, உப்பு கம்மி என்று பாட்டிகள்கூடச் சொல்லும் அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. பாரசீகம் என்றால் அடிக்க வருவார்கள். உருதுக் கவிதையில் வரும் ‘கம்’ அடித்தொண்டையில் உரசி வரும். அரபியிலிருந்து வந்தது, துக்கம் என்று பொருள். ஆங்கில ‘கம்’ வா என்கிறது. சமஸ்கிருத ‘கம்’ போ என்கிறது. இத்தனையையும் கேட்டுத் தலை சுற்றி நீங்கள் ஏதாவது பேச வாயெடுத்தால், வண்ணாரப்பேட்டைக்காரர் ‘கம்முனு கெட’ என்பார். அது சட்டென்று, பொசுக்கென்று போல நம் சொந்த ஒலிக்குறிப்பு. வாயை மூடிய நிலையில் என்ன சத்தம் வருமோ அதுவே சொல்.

இந்த ஆறில் யாருக்கு யார் சொந்தம்? பசையும் குறைவும் துக்கமும் தனித்தனி. நம் கம்முனு தனி. சொந்தம் இரண்டே பேருக்குத்தான்: ‘வா’ என்கிற ஆங்கிலக் கம்முக்கும், ‘போ’ என்கிற சமஸ்கிருதக் கம்முக்கும். எதிரும் புதிருமாகப் பொருள் சொல்லும் இரண்டும்தான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூலம் இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்று. நடந்து நகர்வது, அடியெடுத்து வைப்பது என்கிற அளவில் பொருள். எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகள் பிறகு முடிவு செய்துகொண்டார்கள். சமஸ்கிருதத்தில் முன்னால் ‘ஆ’ சேர்த்தால் அதுவும் ‘வா’ ஆகிவிடும். ஆகமம் என்றால் வழிவழியாக வந்தது. சங்கமம் என்றால் சேர்ந்து வருவது.

இவை சொந்தம், மற்றவை இல்லை என்று எப்படித் தெரியும்? ஒரு சொல் ஒலிப்பதை வைத்து யாரும் சொல்வதில்லை. சொற்கள் கூட்டமாக, ஒரே ஒழுங்கில் மாறியிருக்க வேண்டும். சமஸ்கிருதத்தில் ஒலிப்புக் ககரம் (g) வரும் இடத்தில் ஆங்கிலத்தில் வல்லெழுத்துக் ககரம் (k) வரும். அங்கே பசுவுக்கு ‘கோ’, ‘கௌ’, இங்கே ‘கவ்’. அங்கே ‘கம்’ என்று அழுத்தமில்லாமல் தொடங்கும், இங்கே அழுத்தித் தொடங்கும். உண்மையில் இரண்டும் அப்படியே ஒன்றுபோல ஒலித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே இதைக் கண்ணால் பார்க்கலாம்: பால், ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பத்து, ஹத்து, போ, ஹோகு. நம் பகரம் நின்ற இடத்தில் வரிசையாக ஹகரம். ஒரே ஒரு சொல் என்றால் தற்செயல் என்று தள்ளலாம், இப்படி வரிசை கட்டி நின்றால் தள்ள முடியாது.

நம் தென்னாட்டு மொழிகளுக்கு இந்த வேலையை முதலில் ஒழுங்காகச் செய்தது நம் மதராஸில்தான் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இங்கே கலெக்டராக இருந்த எல்லிஸ், 1816இல் கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை ஆகா, தனிக் குடும்பம் என்று காட்டினார். திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய கால்டுவெல் புத்தகம் வந்தது 1856இல், நாற்பது வருஷம் கழித்து. திருவள்ளுவர் உருவம் போட்ட பொற்காசு ஒன்று கிடைத்திருக்கிறதே, அதை வெளியிட்டவரும் இந்த எல்லிஸ்தான் என்று கருதுகிறார்கள்.

ஆகவே உங்கள் நண்பர்கள் இருவருமே அவசரப்படுகிறார்கள். அவசரம் என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தச் சொல் உங்களுக்குக் கணக்கில் சிக்கல் வைக்கும். நெல்லூர், திருப்பதி பக்கமிருந்து கொள்முதலுக்கு வரும் தெலுங்குக்காரரிடம் ‘பில் போடட்டுமா?’ என்று கேட்பீர்கள். அவர் ‘அவசரம் லேது’ என்பார். சரி, ஆற அமரப் போடலாம் என்று நீங்கள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவீர்கள். அவர் சொன்னது ‘தேவையில்லை’ என்று. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு, இந்தியிலும் ‘அவசர்’ என்றால் வாய்ப்பு. தமிழிலும் கன்னடத்திலும் பரபரப்பு. இங்கே மூலம் நிஜமாகவே ஒன்றுதான்: தக்க சமயம் என்கிற சமஸ்கிருதச் சொல். சமயம் வாய்த்தால் அது வாய்ப்பு. சமயத்துக்கு வேண்டியிருந்தால் அது தேவை. சமயம் போய்க்கொண்டிருந்தால் அவசரம். தற்செயலாக ஒன்றுபடும் ‘கல்’லை விட இந்த வகைதான் ஆபத்து. ‘கல்’ விஷயத்தில் உடனே முழிப்போம், திருப்பிக் கேட்போம். இதில் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும்.

கடன் வாங்கிய சொல் வந்த இடத்தில் குணம் மாறுவதற்குப் ‘பேஜார்’ நல்ல சாட்சி. பாரசீகத்தில் பேஜார் ஆவது மனிதன். சலித்துப் போனவன், வெறுத்துப் போனவன். நம் ஊரில் ‘பேஜாரா கீது’ என்றால் விஷயம் தொல்லையாக இருக்கிறது. ‘பேஜார் பண்ணாதே’ என்றால் தொல்லை கொடுக்காதே. சலித்தவனிடமிருந்து சலிப்பு உண்டாக்குகிற சமாசாரத்துக்குப் பொருள் தாவிவிட்டது. சட்டைப்பையில் உள்ள ‘துட்டு’ டச்சுக்காரர்களின் சில்லறைக் காசு. அது எவ்வளவு சின்னக் காசு என்பது மறந்து, பணம் மொத்தத்துக்கும் பெயராகிவிட்டது.

காது செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. தெரியாத ஒலி வந்தால் தெரிந்த சொல்லாக்கிவிடும். திருவொற்றியூர் போகிற வழியில் காலடிப்பேட்டை இருக்கிறதே, அங்கே யாருடைய காலடியும் பதியவில்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. என்னைக் கேட்டால் இந்தப் பெயர்தான் அழகு.

இதற்கு நேர்மாறாக, ஒலி துளியும் மாறாமல் பொருள் மட்டும் மாறிய கதை ஆந்திரா பிரிந்த சமயத்தில் நடந்தது. இந்த ஊரில் தெலுங்கு நேற்று வந்ததில்லை. 1639இல் கம்பெனிக்காரர்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்த தமர்ல வேங்கடாத்ரி நாயக்கரே தெலுங்கர்தான். 1950களின் தொடக்கத்தில் தனி மாநிலம் கேட்டவர்களின் கோஷம் ‘மதராஸ் மனதே’. தெலுங்கில் ‘மனதே’ என்றால் நம்முடையதே. தமிழ்க் காதில் அது ‘மதராஸே, என் மனமே’ என்று உருகுவது போல விழும். உரிமை கொண்டாடும் கோஷம் காதல் வசனமாகக் கேட்டால் சண்டை எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் பிடித்தார்கள். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது, ஊர் இங்கேயே தங்கியது.

கடைசியாக ஒன்று. நீங்கள் இந்தப் பக்கம் இருக்கப் போகிறீர்கள் என்பதால் ‘நைனா’வைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், காசிமேட்டில் நைனா என்றால் அப்பா. தெருவில் போகும் யாரையும் ‘இன்னா நைனா’ என்று கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெலுங்கு ‘நாயனா’ தேய்ந்து வந்தது இது. சேட் வீட்டு ரேடியோவில் வரும் இந்தி ‘நைனா’ என்றால் கண்கள், சமஸ்கிருத நயனம். மண்ணடியில் நைனா முகமது என்ற பெயரில் வருவது நயினார், அதாவது தலைவர், ஐயா. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒண்டுக்குடித்தனக்காரர்கள்தான். ஆனால் தெலுங்கு நாயனாவையும் தமிழ் நயினாரையும் நாயகன், நாயனார் என்கிற வரிசையோடு சேர்ப்பவர்கள் உண்டு, நானும் அவர்கள் பக்கம்தான். அது சரி என்றால் ஒரு வேடிக்கை நடக்கிறது. நாயகன் என்றால் நடத்திச் செல்பவன், நயனம் என்றால் நம்மை நடத்திச் செல்லும் உறுப்பு. இரண்டுக்கும் சமஸ்கிருதத்தில் வேர் ஒன்றே: ‘நீ’, கூட்டிக்கொண்டு போ என்று பொருள். அப்பாவும் கண்ணும் ஒரே வேரில் வந்து நிற்கிறார்கள்.

அந்த ‘நீ’க்கும் நம் ‘நீ’க்கும் சம்பந்தம் கிடையாது.